உடைமையும் ஆற்றலும்: துவிச்சக்கரவண்டித் திருத்தம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் கருவிகளைப் படைத்தான் என்பது பலகாலும் பேசப்பட்டுவந்த செய்தியாகும். படைத்த கருவியைத் தன் உடலுக்கும் தன் வழிக்கும் தன் தொழிலுக்கும் ஏற்ப அவன் மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டான் என்பதோ அத்துணை பேசப்படவில்லை. கண்டுபிடிப்பின் பெருமையைப் போற்றுவோர், கண்டுபிடிக்கப்பட்ட கருவி எண்ணிறந்தோர் கைகளிலே அடைகின்ற சிறு மாற்றங்களைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின், அன்றாட வாழ்க்கையில் அறம்பற்றிய வினாக்கள் பல இச்சிறு மாற்றங்களினிடையேதான் பிறக்கின்றன.

துவிச்சக்கரவண்டி இதற்குத் தக்க சான்றாகும். 1885ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் உருவாக்கிய 'றோவர்' வண்டியோடு அதன் அடிப்படை வடிவம் பெரிதும் நிலைபெற்றுவிட்டது. ஏறத்தாழ ஒத்த அளவினவான இரு சக்கரங்கள், பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலி, இரண்டுக்கும் இடையே அமர்பவனுக்குரிய இருக்கை என்ற அந்த அமைப்பு இன்றும் அதுவே. இருப்பினும், யாழ்ப்பாணத்துத் தெருவொன்றிலே காலைவேளையில் செல்கின்ற வண்டிகளை நோக்கின், நெடுநாள் ஓடிய எந்த இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மீன் வியாபாரியின் வண்டியிலே கரியர் அகலமாக்கப்பட்டு, பெட்டியின் பாரத்தைத் தாங்கவல்ல இருகால் ஸ்டாண்ட் பூட்டப்பட்டிருக்கும். ஆசிரியையின் வண்டியிலே சேலை சிக்காதபடி சங்கிலிக்கு உறையும் பின்சக்கரத்துக்கு வலையும் இடப்பட்டிருக்கும். குழந்தையைப் பாலர் பாடசாலைக்குக் கொண்டுசெல்லும் தந்தையின் வண்டியிலே முன்பாரில் சிறியதோர் இருக்கை காணப்படும். தொழிற்சாலை ஒரேவிதமாகச் செய்து அனுப்பிய பொருளை வாழ்க்கை பலவிதமாக்கிவிடுகின்றது.

இம்மாற்றங்களுள் எது மேம்பாடு, எது வெறும் மாற்றம்? மேம்பாட்டின் அளவுகோலை வகுப்பவர் யார்? இது பணத்தையும் சுவையையும் மட்டும் பொறுத்த காரியமா, அன்றி அறத்துக்கும் இதிலே இடமுண்டா? இவ்வினாக்களை ஆராயப் புகுமுன் ஒரு சொல்லை நோக்குதல் தகும். ஈழத்துத் தமிழ் வழக்கிலே பழுதான வண்டியைச் செப்பஞ்செய்தல் 'திருத்துதல்' எனப்படும். காடாய்க் கிடந்த நிலத்தைப் பயிர்நிலமாக்குவதும் திருத்துதலே; மாணவனின் விடைத்தாளைப் பார்ப்பதும் திருத்துதலே; ஒருவனின் ஒழுக்கத்தைச் சீர்செய்வதும் திருத்துதலே. பொருளையும் நிலத்தையும் நடத்தையையும் ஒரே வினையாற் சுட்டுகின்ற இவ்வழக்கு, மூன்றுக்கும் பொதுவானதொரு நியதி உண்டென்பதை உணர்த்துகின்றது. திருத்தம் என்பது எதையோ நோக்கிய மாற்றம். நோக்கம் இன்னதென்று தெரியாவிடத்து மாற்றம் உண்டு, திருத்தம் இல்லை.

துவிச்சக்கரவண்டியின் நோக்கம் யாது? பொருளியலறிஞர் அமர்த்திய சென் 1980களில் எழுதிய எழுத்துகளிலே இவ்வண்டியையே தமது உதாரணமாகக் கொண்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. வண்டி ஒரு பொருள். பயணஞ்செய்ய உதவுதல் அப்பொருளின் பண்பு. அதனைக்கொண்டு ஒருவன் இடம்விட்டு இடம் செல்லக்கூடியவனாதல் அவனது ஆற்றல். இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பது அவர் காட்டிய வேறுபாடு. வண்டியை உடையவன் அனைவனும் அதனால் செல்லும் ஆற்றலுடையவன் ஆகான். உடல் ஊனமுற்ற ஒருவருக்கு அவ்வண்டியே வீட்டிலிருந்தும் பயனில்லை.

இவ்வேறுபாட்டை இன்னும் ஒருபடி முன்கொண்டு செல்லலாம். உடைமைக்கும் ஆற்றலுக்கும் இடையே ஒரு வெளி உண்டெனின், அவ்வெளியை நிரப்புகின்ற செயலே திருத்தம். போரிலே காலை இழந்த ஒருவருக்குச் சாதாரண வண்டி பயன்படாது. ஆனால் மிதிகளைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து, கைகளாற் சுழற்றும்படி சங்கிலியை மாற்றி, மூன்றாவது சக்கரத்தையும் சேர்த்தால், அதே இயந்திர நியதி அவரைச் சந்தைக்குக் கொண்டுசெல்கின்றது. இங்கே சேர்க்கப்பட்டவை ஒரு சக்கரமும் சில இரும்புத் துண்டுகளுமே. அவற்றாற் கிடைத்ததோ பிறர் துணையின்றி வெளியே செல்லும் உரிமை. ஆகவே ஒரு திருத்தத்தின் மதிப்பை அதற்குச் செலவான பணத்தைக்கொண்டு அளத்தல் தவறாகும்; அது திறந்துவிட்ட ஆற்றலைக்கொண்டே அளத்தல் வேண்டும்.

அவ்வாறாயின் எல்லார்க்கும் பொதுவான சிறந்த வண்டி என ஒன்று உண்டா? அரிஸ்டோட்டில் தமது அறநூலிலே, நற்குணம் என்பது மிகைக்கும் குறைவுக்கும் இடைப்பட்டதென்றும், அந்நடு எண்கணிதத்து நடு அன்று, அவரவர்க்குரிய நடு என்றும் விளக்கினார். மல்லன் மைலோவுக்குப் போதாத உணவு, பயிற்சி தொடங்குபவனுக்கு மிகையாகும் என்பது அவர் தந்த உவமை. துவிச்சக்கரவண்டியில் இவ்வுண்மை கண்கூடு. இருக்கையின் உயரத்தை எடுத்துக்கொள்ளலாம். மிதி தாழ்ந்த நிலையிலிருக்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பின்பு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடிந்திருக்கும். இதனைவிடத் தாழ்ந்தால் முழங்கால் நோகும். உயர்ந்தால் இடுப்பு அசையும். அந்த உயரம் எத்தனை அங்குலம் என எந்தப் புத்தகமும் எல்லார்க்குமாகக் கூறவியலாது. அதனைக் காட்டவல்லது மிதிப்பவனின் கால் ஒன்றே.

உடலுக்குரிய நடு இவ்வாறாயின், வழிக்குரிய நடுவும் ஒன்று உண்டு. முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்பற்சக்கரத்தில் 18 பற்களும் உள்ள பெரிய சக்கர வண்டி ஒன்று, மிதியின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5½ மீற்றர் செல்லும். பின்பற்சக்கரத்தை 20 பற்களுடையதாக மாற்றினால் அது ஏறக்குறைய 5 மீற்றராகும். மிதிக்க வேண்டிய விசை பத்திலொரு பங்கு குறைகின்றது. அதற்கீடாக அதே தூரத்துக்குச் சுற்றுகள் ஒன்பதிலொரு பங்கு கூடுகின்றன. சோளகக் காற்று எதிர்த்தடிக்கும் மாதங்களில் பாரமேற்றிச் செல்பவனுக்கு இம்மாற்றம் பெரும் ஆறுதல். வெறும் வண்டியோடு சமதரையில் விரைபவனுக்கு அதுவே வீண் சுழற்சி. பேராதனையினின்று கண்டிக்கு ஏறியிறங்கும் ஒருவனுக்கோ இவ்வொரு மாற்றம் போதாது. பல பற்சக்கரங்கள் வேண்டும். இயந்திரவியல் இங்கே ஓர் அறவியற் பாடத்தையும் கற்பிக்கின்றது. விலையின்றிப் பெறப்படும் இலேசு எதுவுமில்லை. விசையில் மிச்சம் பிடித்ததைச் சுற்றுகளிலே செலுத்தியாக வேண்டும். எதனைக் கொடுத்து எதனைப் பெறுவதென்று தெரிவுசெய்வதே செய்யக்கூடியது. அத்தெரிவைத் தன் வழியறிந்து செய்பவனே வண்டியைத் திருத்துபவன்.

'ஒவ்வோர் உறுப்பும் மிகச் சிறந்ததாயிருந்தால் வண்டியும் மிகச் சிறந்ததாகும்' என்றோர் எண்ணம் பரவலாக உண்டு. இதனைச் சோதிக்கப் பழைய விவாதமொன்று துணைபுரியும். மிலிந்த மன்னனுக்கும் நாகசேன தேரருக்கும் இடையே நிகழ்ந்ததாகப் பாளி நூல் கூறும் உரையாடலில், அச்சு தேராகுமா, சக்கரம் தேராகுமா என உறுப்புறுப்பாக வினவி, எதுவும் தனித்துத் தேராகாதென்றும், உறுப்புகளின் சேர்க்கையைச் சார்ந்தே தேர் என்ற பெயர் வழங்குகின்றதென்றும் காட்டப்படுகின்றது. ஆன்மா பற்றிய அவ்விவாதத்தின் முடிபை ஏற்பினும் ஏற்காவிடினும், பொருள்களைப் பற்றிய அதன் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. வண்டியின் நன்மை உறுப்புகளில் இல்லை. அவற்றிடையேயுள்ள உறவிலே உள்ளது.

பழைய றலி, ஹம்பர் வண்டிகளின் இரும்பு றிம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குரோமியம் பூசிய இரும்பு றிம் மழையில் நனைந்தால் பிறேக் கட்டைகள் அதனை நன்கு பற்றமாட்டா. அலுமினியக் கலவையாலான றிம் ஈரத்திலும் நன்கு பிடிபடும். ஆதலால் மாரிகாலத்தில் நாள்தோறும் செல்பவனுக்கு இஃது உண்மையான மேம்பாடு. எனினும் றிம்மை மட்டும் மாற்றிவிட முடியாது. பழைய வண்டிகளின் கம்பி பிறேக் சக்கரத்தின் உட்புறத்தை அழுத்துவது. புதிய றிம்முக்கோ பக்கங்களைப் பற்றும் பிறேக் வேண்டும். ஒன்றைத் திருத்தப் புகுந்தவன் அதனோடு உறவுடைய மற்றொன்றையும் திருத்தவேண்டியவனாகின்றான்.

இத்தகைய தொடர் வேறொரு வடிவிலும் நிகழ்வதுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் டெனிஸ் டீட்ரோ, தமக்குக் கிடைத்த அழகிய புதிய மேலங்கியொன்றின் காரணமாகத் தமது அறையின் பழைய பொருள்களெல்லாம் பொலிவற்றுத் தோன்றின என்றும், ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை மாற்றி ஈற்றில் அப்புதிய அங்கிக்கே தாம் அடிமையானதாகவும் வருந்தி எழுதினார். பளபளப்பான கைப்பிடியை வாங்கியவன் அதற்கேற்ற இருக்கையைத் தேடுவதும், இருக்கைக்கேற்ற சக்கரங்களைத் தேடுவதும், முடிவிலே நிற்கவைத்து நோக்கி மகிழ்வதற்குரிய வண்டியொன்றையும் மழையில் நனையாமற் காக்கவேண்டியதொரு கவலையையும் பெறுவதும் இவ்வகையினவே. இரு தொடர்களும் புறத்தோற்றத்தில் ஒத்தவை. முன்னையது சக்கரத்தின் தேவையால் எழுந்தது. பாதுகாப்பாக நிற்கமுடிந்தவுடன் அது நின்றுவிடும். பின்னையது பிறர் வண்டியோடு செய்த ஒப்பீட்டால் எழுந்தது. ஒப்பிடுவதற்கு இன்னொருவன் எப்போதும் இருப்பானாகையால் அதற்கு முடிவில்லை. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் அளவு கடத்தலின் கேட்டை உணர்த்த வண்டியின் அச்சையே உவமையாக எடுத்தமை இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது.

இனி, இதற்கு நேரெதிரான ஒரு கருத்தையும் ஆராய்தல் வேண்டும். வண்டியை இலேசாக்குவதே ஒழுக்கக்குறை என்று கருதுவோர் உண்டு. முயற்சியிலே நற்குணம் வளர்கின்றதெனின், முயற்சியைக் குறைக்கும் கருவி நற்குணத்தையும் குறைக்குமன்றோ என்பது அவர்தம் வாதம். 1903இல் பிரான்சைச் சுற்றும் ஓட்டப்போட்டியைத் தொடக்கிய ஹென்றி டெக்றான்ஜ் இவ்வெண்ணமுடையவர். ஓடும்போதே பற்சக்கரத்தை மாற்றும் கருவி முதியோர்க்கே உரியது, இளையோர் தசைவலியாலேயே வெல்லவேண்டும் என அவர் கருதினார். அப்போட்டியில் அக்கருவி 1937இலேதான் அனுமதிக்கப்பட்டது. அதே நாட்டின் சென்ற் எத்தியேன் நகரில் வாழ்ந்த போல் டெ விவி, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதி, மலைப்பாதைகளிலே தாமே சென்று காட்டி, பற்சக்கர மாற்றத்தை இடைவிடாது ஆதரித்துவந்தார்.

இருவரும் ஒரே வினாவுக்கு விடை கூறினாரல்லர் என்பதே உண்மை. போட்டியில் தடையும் பயனின் ஒரு பகுதி. தடையை நீக்கின் போட்டியே பொருளற்றதாகும். அன்றாடப் பயணமோ அவ்வாறன்று. காலையில் வேலைக்குச் செல்பவள் தன் முழங்கால்களின் வலிமையை எவர்க்கும் நிரூபிக்கவேண்டியவளல்லள். அவள் களைப்பின்றிப் போய்ச் சேர்ந்தால், மிஞ்சிய வலிமை அவளது தொழிலுக்கும் பிள்ளைகளுக்கும் படிப்புக்கும் உரியதாகும். பெல்ஃபாஸ்ற் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜோன் போய்ட் டன்லொப், தம் சிறு மகனின் முச்சக்கரவண்டி மேடுபள்ளங்களில் அதிராமல் ஓடுவதற்காகவே காற்றடைத்த றப்பர்க் குழாயைச் சக்கரத்திற் கட்டினார். 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். காற்றடைத்த ரயர் அவருக்கு முன்னரே ஒருவரால் எண்ணப்பட்டிருந்ததாயினும், துவிச்சக்கரவண்டி உலகெங்கும் பரவியது அவரது ரயரினாலேயே. ஒரு குழந்தையின் அதிர்வைக் குறைக்க எழுந்த அக்கருணையை ஒழுக்கக்குறை என எவரும் கூறத்துணியார்.

இதே வினா இன்று மின்மோட்டாரின் வடிவிலே மீண்டும் எழுந்துள்ளது. பழைய வண்டியின் சக்கரத்திலேயே சிறு மோட்டாரைப் பொருத்திப் பற்றரியால் இயக்குதல் இப்போது இயல்பாகிவிட்டது. மூட்டுநோயுடைய ஒருவர் பத்துக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள அலுவலகத்துக்குச் செல்ல அது உதவுமெனின், உடைமையை ஆற்றலாக்கும் திருத்தமென்றே அதனையும் கொள்ளவேண்டும். ஆயினும் இருவேறு ஐயங்கள் எஞ்சுகின்றன. முதலாவது, வேகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் இவ்வகை வண்டியின் மோட்டாரை 250 வாற்றுக்கும், அதன் உதவியை மணிக்கு 25 கிலோமீற்றருக்கும் மட்டுப்படுத்தியமை காரணமின்றியன்று. தெருவோரம் நடப்பவரின் பாதுகாப்பும் அக்கணக்கிற் சேரவேண்டும். இரண்டாவது, சார்பு. மிதியும் சங்கிலியும் ஊர்ச் சந்தியிலுள்ள திருத்துநரின் கைக்கு அடங்கியவை. மூடப்பட்ட பற்றரி அவ்வாறானதன்று. தானே திறந்துபார்க்கவும் அயலவர் திருத்தித்தரவும் இயலாத பொருளை உடையவன், அதனை விற்றவனிடம் தன் ஆற்றலின் ஒரு பகுதியை ஈடுவைத்தவனாகின்றான்.

வேகம் பற்றிய ஐயம் பொதுவானதொரு கடமையைச் சுட்டுகின்றது. திருத்தங்களுள் சில அமர்பவனுக்காக, சில பிறருக்காக. இருக்கையைத் தாழ்த்துவதும் உயர்த்துவதும் அவனது உரிமை. பிறேக்கும் மணியும் இரவு விளக்கும் பின்புறச் சிவப்பொளியும் அவ்வாறு அவனது விருப்பத்துக்கு விடப்பட்டவையல்ல. விளக்கில்லாத வண்டியில் இருளிலே செல்பவன் தனக்குத் தெரு தெரிகின்றதென வாதிடலாம். அவன் பிறர்க்குத் தெரிகின்றானா என்பதே வினா. சுதந்திரமாகப் பொருளை மாற்றியமைப்பவன், அம்மாற்றத்தின் விளைவுக்கும் பொறுப்பேற்கின்றான். கையிலிருக்கும் பணம் ஒன்றுக்கே போதுமாயின், இருக்கையின் மென்மைக்கு முன்னர் பிறேக் கட்டையைக் கவனித்தல் சிக்கனத்தின் விதி மட்டுமன்று, அறத்தின் விதியுமாகும்.

ஈற்றிலே, இவ்விடயத்தின் மிகக் கடினமான பகுதியை அணுகுதல் வேண்டும். 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் மின்சாரமின்றி வாழநேர்ந்தது. எரிபொருளும் உலர் மின்கலங்களும் உள்ளிட்ட பல பொருள்கள் தடைசெய்யப்பட்டிருந்தன. அக்காலத்திலே துவிச்சக்கரவண்டியே மக்களின் பெரும் போக்குவரத்துச் சாதனமாயிற்று. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, விளக்குக்கென அமைந்த டைனமோவின் மின்னைக்கொண்டு வானொலிச் செய்தி கேட்டனர். விறகும் நெல் மூட்டையும் நோயாளியும் அவ்வண்டியிலேயே சென்றன. பின்னர் 2022இல் நாடு முழுவதையும் பொருளாதார நெருக்கடி வாட்டியபோது, பெற்றோலுக்கு நெடு வரிசைகள் நீண்டன. அவ்வாண்டு யூன் மாத இறுதியில் அதன் விலை லீற்றருக்கு 470 ரூபாவாயிற்று. கொழும்பிலும் பலர் மூலையிற் கிடந்த வண்டிகளைத் துடைத்துத் திருத்தினர். புதிய வண்டிகளின் விலையோ பலருக்கு எட்டாதபடி உயர்ந்தது.

இவற்றைக் குறிப்பிடுவோர் பெரும்பாலும் மக்களின் கெட்டித்தனத்தை வியப்பர். வியப்புக்கு இடமுண்டு, ஆனால் அவ்வியப்பிலே ஓர் அபாயமும் மறைந்துள்ளது. இல்லாமையினால் பழகிக்கொண்டவன் குறைந்ததிலே நிறைவடையக் கற்றுக்கொள்கின்றான் என்றும், அந்நிறைவை அவனது நலத்தின் சான்றாகக் கொள்ளலாகாதென்றும் சென் எச்சரித்துள்ளார். டைனமோவால் வானொலி கேட்டவனின் திறமையைப் பாராட்டுபவன், அவனுக்கு மின்சாரம் ஏன் இல்லாதிருந்தது என்ற வினாவை மறந்துவிடின், அப்பாராட்டு அநீதிக்குத் துணைபோகும். சைக்கிளில் நோயாளியைக் கொண்டுசென்றமை அயலாரின் அன்புக்குச் சான்று. அம்புலன்ஸ் இல்லாதிருந்தமைக்கு அது நியாயமாகாது. விரும்பி ஏற்ற எளிமை ஒருவனின் ஒழுக்கம். பிறரால் திணிக்கப்பட்ட எளிமையோ அவனுக்கு இழைக்கப்பட்ட குறை. இரண்டிலும் வண்டி ஒன்றே. திருத்துகின்ற கையின் திறமையும் ஒன்றே. அக்கைக்கு வேறு தெரிவு இருந்ததா என்பதே அவற்றை வேறுபடுத்துவது.

எனவே, திருத்தும் பொறுப்பு முழுவதையும் வண்டியை உடையவன்மீது சுமத்திவிடுதல் நீதியாகாது. வழியில் குழிகள் நிறைந்திருக்க, வண்டிக்குத் தடித்த ரயர் பூட்டும்படி அவனுக்கு அறிவுறுத்துதல் போதாது, வழியையும் திருத்தவேண்டும். பெண்ணொருத்தி இருளில் அஞ்சிச் செல்கின்ற தெருவிலே, அவளது வண்டிக்குப் பிரகாசமான விளக்குப் பொருத்துவதோடு சமுதாயத்தின் கடமை முடிந்துவிடாது. தனிமனிதன் தன் கருவியை வாழ்க்கைக்கேற்பத் திருத்துவதுபோல, சமுதாயமும் அத்தகைய கருவிகளோடு வாழ்வோர்க்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

உடலையும் வழியையும் அறிந்து, பிறர் பாதுகாப்பை முதலில் வைத்து, தேவை தீர்ந்தவிடத்தில் நின்று, திறந்துபார்க்கவும் மீண்டும் திருத்தவும் கூடியதாகச் செய்யப்படுவதே நல்ல திருத்தமாகும். அது பெரும் பணத்தை வேண்டுவதில்லை. பல சமயங்களிலே ஒரு திருகாணியும் சில நிமிட நேரமும் போதும். அச்சில நிமிடங்களில், கடையிலே வாங்கிய பொருளொன்று, அதனை உடையவர் சென்றடைய விரும்பும் இடத்துக்கு அவரைக் கொண்டுசெல்லக்கூடியதாகின்றது.